ஆறு பத்து வெளிச்சம்

காலை ஆறு பத்து. மாடி ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு. எதிர்வீட்டு வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிய மனிதர் ஒருவர் வளையமாகச் சுற்றிய பட்டு நூல் சிட்டம் ஒன்றை இரண்டு கைகளிலும் மாட்டிப் பிடித்திருந்தார். கைகளை அகல விரித்து ஒரே வெட்டாக உதறினார். சாட்டையைச் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம் தெருக்கோடி வரை போனது. பிறகு நூலை வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தபோதும் அந்தக் கண் சுருங்கியேதான் இருந்தது.

"புதுசா குடி வந்த பேப்பர்காரரா? சட்ட எங்க தச்சீங்க சார்?"

கடையின் பெயரைச் சொன்னேன்.

"எடது கை மட்டும் வேற துணி. டெய்லர் உங்களுக்கு வேல காட்டிக்கினு இருக்கான்."

உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு கைகளும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன. தையல்காரரிடம் கேட்டேன். துணி பற்றாமல் போனதை ஒப்புக்கொண்டார்.

பட்டுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். வீட்டின் பின்கட்டில் தொட்டிகள் கொதித்துக்கொண்டிருக்கும். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களும் பெரிய காஞ்சிபுரத்துக் கடைக்காரர்களும் விரல் நீளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்பார்கள். அவர் அதை வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வரச் சொல்வார். விளக்கில் நிறம் பார்க்க மாட்டார். உச்சி வெயிலிலும் பார்க்க மாட்டார்.

"விடியறப்ப வெளிச்சத்துல நீலம் இருக்கும். வெயிலு ஏறிட்டா மஞ்ச கலந்துடும். நடுவுல கொஞ்ச நேரம் இருக்குது பாருங்க, அது மட்டுந்தான் பொய் சொல்லாது."

அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மழை நாள் தவிர எல்லா நாளும் வாசலில் நிற்பார். நனைந்த நூலில் இழைகள் ஒட்டிக்கொள்ளும். அவை பிரிவதற்காகச் சாயக்காரர்கள் எல்லோரும் உதறுவது வழக்கம். இவருக்கு உதறுவது பார்ப்பதன் முதல் பாதியாக ஆகிவிட்டிருந்தது. உலர்ந்த நூலையும் உதறுவார். டீக்கடைக்காரர் துடைக்கத் துணி கொடுத்தால் அதையும் ஒரு சொடுக்குச் சொடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையைத் துடைப்பார்.

கண்ணால் பார்க்காத எதையும் அவர் நம்பவில்லை. பார்த்த எதையும் சந்தேகப்படவும் இல்லை. அவரைப் பற்றி ஒரே வரியில் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

வாடிக்கையாளர்கள் கைபேசியில் ரவிக்கைத் துணியைப் படம் பிடித்து அனுப்பி, இதற்குப் பொருத்தமாக நூல் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருந்த காலம். அப்படி வந்த ஒன்றை என்னிடம் காட்டிச் சிரித்தார். "இது கலரு இல்ல சார். கலரப் பத்தி ஒரு வதந்தி. உங்க தொழிலு மாதிரி."

என் தொழிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. தேர்த் திருவிழாப் படம் ஒன்று எங்கள் நாளிதழில் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. ஆசிரியர் குழுவில் ஒருவரும் கவனிக்கவில்லை. காலையில் நாளிதழைக் கையில் சுருட்டிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். "ஊர்ல இருக்குற பொம்பளைங்களுக்கெல்லாம் ராத்திரியோட ராத்திரியா முந்தானைய வலது தோளுக்கு மாத்திட்டீங்களே சார். தேராவது நேராப் போச்சா?"

கல்யாண வீடுகளில் அவரை அழைக்கப் பயப்படுவார்கள். ஒரு முகூர்த்தத்தில், தாலி கட்டும் நேரத்தில், "முந்தானி ஒரு தொட்டி, ஒடம்பு ஒரு தொட்டி. கடக்காரன் தலையில கட்டிட்டான்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் பெண்ணின் தாய்மாமன். சாயக்காரரின் மனைவி இதை என்னிடம் சொல்லிவிட்டு, "இவரக் கூட்டிக்கினு போனா எனக்குச் சோறே எறங்காதுண்ணா" என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது.

அவர்களுக்குப் பல வருடங்களாகக் குழந்தை இல்லை. பிறகு அந்த அம்மாவுக்கு நாள் தள்ளிப்போனது. வயிற்றில் இரட்டை என்றார்கள். அன்றிலிருந்து வாசலில் பட்டுக்கு அடுத்தபடியாக மனைவியை நிறுத்திவைத்துப் பார்க்கத் தொடங்கினார். நகத்தைப் பார்ப்பார், கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். "வெளுத்துக்கினு இருக்க. கீரை துன்னு."

"என்னையும் தொட்டியில முக்கி எடுத்துடுவீங்களா?" என்று அவர் கேட்டது என் ஜன்னல் வரை கேட்டது.

ஏழாவது மாதத்திலேயே வலி வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கனம். பெயர் வைக்கும்வரை பெரியவள், சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். பெயர் வைத்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் அடுத்தடுத்த பெட்டிகளில் வைத்து இருவருக்கும் ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

நான் போனபோது கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், அதே சுருங்கிய கண்ணுடன். அந்தப் பிரிவின் மூத்த செவிலியர் ஓரிக்கையிலிருந்து வந்துபோகிறவர், நிதானமான பெண்மணி. அவரிடம் இவர் மணிக்கொரு முறை நிறம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சின்னதுக்கு மஞ்ச தட்டுது சிஸ்டர்."

"காலையிலயே பாத்தாச்சுப்பா. அதுக்குத்தான் அந்த நீல வெளக்கு."

"பெருசுக்கு ஒதட்டுல நீலம் ஓடுது. காத்த கொஞ்சம் ஏத்தி வுடுங்க."

செவிலியர் குழந்தையின் பாதத்தில் கட்டியிருந்த கம்பியையும், மேலே இருந்த திரையில் எண்ணையும் காட்டினார். "அளவு சரியா இருக்குது. கொறஞ்சாலும் கெடுதல், ஏறினாலும் கெடுதல். ஏத்திக்கினே போனா கண்ணுக்கு ஆவாது."

"மூச்சுக்குக் குடுக்குற காத்துக்கும் கண்ணுக்கும் இன்னா சம்பந்தம்?"

செவிலியர் பதில் சொல்வதற்குள் வேறொரு பெட்டியின் அலாரம் கத்தியது. இவர் என் பக்கம் திரும்பி, "காத்துலயும் கஞ்சத்தனம் சார்" என்றார்.

அந்த வாரத்தில் பெரியவளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறியது. மருந்து கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். பிறகு அவள் வேகமாகத் தேறினாள். பாலை உறிஞ்சினாள், எடை போட்டாள். பிறந்த மூன்றாம் வார முடிவிலேயே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்னவள் பெட்டிக்குள்ளேயே இருந்தாள். "பெருசு பொழச்சுக்கிச்சு. சின்னதுக்குத்தான் நேரம் சரியில்ல" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமைதோறும் அந்தப் பிரிவுக்கு ஒரு கண் மருத்துவர் வருவார். அந்தப் புதன்கிழமை சின்னவளைப் பார்த்தார். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. இவர் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் டீக்கடையில் டம்ளரைத் தொடாமலே சொன்னார். "மருந்து ஊத்துறாங்க. அப்பால எமைய ரெண்டு கம்பியில மாட்டி விரிக்கிறாங்க சார். மூட முடியாது. ஒரு குச்சிய வுட்டு முழியத் திருப்புறாங்க. அது கத்துறது கூட வெளிய வரல, வாய மட்டும் தொறந்துக்கினு கெடக்குது. கண்ணால பாத்தேன். நீங்க பேப்பர்ல எழுதணும்."

எழுதுவதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்றேன். மறுநாள் இருவரும் அந்த மருத்துவரைத் தேடிப் போனோம். இளம்பெண். இவருடைய கோபத்தைக் கேட்டுவிட்டு, உட்காரச் சொன்னார்.

"கண்ணுக்குப் பின்னால விழித்திரைன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் நடுவுல ஆரம்பிச்சு ஓரத்தைப் பார்த்து வளரும். ஒன்பது மாசம் முடியும்போதுதான் ஓரத்தைத் தொடும். உங்க குழந்தைங்க ஏழாம் மாசமே வந்துட்டாங்க. குழாய் பாதி வழியில நிக்குது."

"தறியில பாவு ஓடியிருக்குது, குறுக்கால போற ஊட பாதியில நிக்குதுன்றீங்க."

"அப்படியே வெச்சுக்கங்க. பிறந்த பிறகு அது ஒழுங்காவும் வளரலாம். சில குழந்தைங்களுக்குத் தாறுமாறா கிளம்பும். தழும்பு கட்டும். அந்தத் தழும்பு திரையைப் பிடிச்சு இழுக்கும். இழுத்துக் கழண்டுட்டா பார்வை போயிடும்."

"தறியில அப்படி ஆச்சுன்னா அந்த எடத்த அவுத்துட்டு மறுபடி நெய்வோம்மா."

"இதுல அவிழ்க்க முடியாது. கழல்றதுக்கு முன்னாடி பிடிச்சா லேசர் வெச்சு நிறுத்தலாம். அதுக்குத்தான் பார்க்கறோம்."

யாருக்கெல்லாம் வரும் என்று நான் கேட்டேன். சீக்கிரம் பிறப்பதும் எடை குறைவாகப் பிறப்பதும் முதல் காரணம் என்றார். கொடுக்கிற ஆக்சிஜன் கூடுவதும், ஏறி இறங்குவதும் ஒரு காரணம். கிருமித் தொற்று, ரத்தம் ஏற்ற வேண்டி வருவது, பிறந்த பிறகு எடை ஏறாமல் இருப்பது எல்லாமே சேரும். ஒரு குழந்தைக்கு எது எவ்வளவு சேர்ந்தது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

பிறகு இவரைப் பார்த்து, "சின்னக் குழந்தைக்கு ஆரம்பிச்சிருக்கு. அடுத்த வாரமே லேசர் பண்ணிடலாம், பயப்படாதீங்க. வீட்டுக்குப் போன குழந்தையைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றார்.

"அது நல்லா இருக்குதும்மா. கொழு கொழுன்னு ஆயிடுச்சு."

"அவளுக்குத்தான் தொற்று வந்துச்சு. ரத்தமும் ஏத்தியிருக்காங்க. பிறந்து முப்பது நாளுக்குள்ள கண்ணைப் பார்த்தே ஆகணும். வர்ற புதன்கிழமை கொண்டுவந்துடுங்க."

"கண்ணு நல்லாத்தாம்மா இருக்குது. நான் பாத்தேன்."

"இருக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா அழகாத்தான் இருக்கும். வெளியில தெரியும்போது எங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது."

சரி என்று தலையாட்டினார். வெளியே வந்ததும், எழுத வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். அவருக்கு அந்தப் பெண்மேல் கோபம் தணிந்திருந்தது. பயம் தணியவில்லை.

அடுத்த புதன்கிழமை சின்னவளுக்கு லேசர் சிகிச்சை நடந்தது. பெரியவளை அவர் கொண்டுபோகவில்லை. மாசம் முடிந்து தீட்டுக் கழிக்கும்வரை குழந்தை வாசற்படி தாண்டக் கூடாது என்று வீட்டில் காரணம் சொன்னார். அவர் அதுவரை தீட்டு பார்த்து நான் கண்டதில்லை. மருத்துவமனையிலிருந்து செவிலியர் போன் செய்தார். நாளைக்கு வருகிறோம் என்றார் இவர். மறுபடி போன் வந்தது. பெரியவளுக்குச் சளி என்றார்.

ஒரு காலை என்னைக் கூப்பிட்டார். "சார், வந்து பாத்துட்டுப் போங்க. அந்த அம்மா சொன்னதுக்குப் பதிலு."

வாசலில் அவர் மனைவி பெரியவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் குங்குமச் சிவப்புச் சிட்டம் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு குழந்தையின் வலப்பக்கம் போய் நின்றார். உதறினார். நூலைக் காட்டினார். குழந்தையின் உடம்பு ஒருமுறை விதிர்த்தது; தலை மெல்ல வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் போனார். உதறினார், காட்டினார். தலை இடப்பக்கம் வந்தது.

"பாக்குது பாருங்க."

நானும் பார்த்தேன். குழந்தை திரும்பியது உண்மை.

மனைவி மட்டும் தலையைக் குனிந்தபடி சொன்னார். "ஒரு தடவ போய்ட்டு வந்துட்டா இன்னாங்க? சின்னதுக்குப் பண்ணாங்க இல்ல, அது நல்லாத்தானே இருக்குது."

"அதுக்கு வந்துச்சு, பண்ணாங்க. இதுக்கு வரல. பாக்குற கண்ணுல கம்பிய மாட்டச் சொல்றியா?"

"வெளியில தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரே" என்றேன்.

"அவங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும்." சிரித்தார். அவரைச் சுற்றியிருந்த எல்லோரும் எத்தனையோ முறை கேட்டு ஒப்புக்கொண்ட வாக்கியம் அது.

அதன் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சோதனையைச் செய்து காட்டினார். பால்காரருக்கு, தறிக்காரர்களுக்கு, ஏனாத்தூரிலிருந்து வந்த மச்சானுக்கு. வாரம் போகப் போகப் பெரியவள் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்பினாள். பட்டைக் கண்டால் சிரிக்கவும் தொடங்கினாள். "சாயக்காரன் பொண்ணு, கலரப் பாத்தா வுடுமா" என்று தெருவில் சொன்னார்கள்.

சின்னவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். குச்சி போலிருந்தாள். மருத்துவமனை சொன்ன நாள் தவறாமல் அவளைக் கண் பார்க்கக் கொண்டுபோனார்கள். அவள் தாயின் முகத்தைப் பார்த்து வாயைக் கோணினாள், மின்விசிறியைப் பார்த்தாள், மூக்குத்தியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பெரியவள் நீட்டவில்லை. கண்ணுக்குள் முஷ்டியை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தூக்கம் வருகிறது என்றார்கள். தூங்கி எழுந்ததும் தேய்த்தாள்.

குழந்தைகளுக்கு ஐந்து மாதம் நடக்கும்போது ஒரு காலையில் சொடுக்குச் சத்தம் கேட்கவில்லை. நான் ஜன்னலைத் திறந்தேன். அதே நேரம், அதே வெளிச்சம். சிட்டம் பிடிக்கிற கைகளில் பெரியவள் இருந்தாள். காய்ச்சல் விட்டு எழுந்தவள். நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவள் முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"சார், கொஞ்சம் எறங்கி வாங்க."

போனேன்.

"கண்ணு பாப்பாக்குள்ள பாருங்க. இன்னா கலரு தெரியுது?"

அவர் இன்னொருவரிடம் நிறம் கேட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், ஆழத்தில், ஏதோ மங்கலாக இருந்தது. சாம்பல் என்றேன். பிறகு வெள்ளை என்றேன்.

"வெள்ளதான்" என்றார். "மோரு வெள்ள. ரெண்டு கண்ணுலயும்."

ஆட்டோவில் அவர், மனைவி, இரண்டு குழந்தைகள், நான். வழி முழுக்க அவர் பேசியது ஒன்றே ஒன்று: "நேத்து இல்ல சார்." இரண்டு முறை சொன்னார்.

அதே மருத்துவர்தான் பார்த்தார். இந்த முறை கம்பி மாட்டியபோது இவர் அறைக்குள்ளேயே நின்றார். வெகுநேரம் பார்த்துவிட்டு மருத்துவர் கருவியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டு கண்ணுலயும் திரை கழண்டுடுச்சுங்க."

"இல்லம்மா. பாக்குது." குரல் உயரவில்லை. விலையில் தவறு சொன்ன வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் பொறுமையாகச் சொன்னார். "நேத்து வரைக்கும் பாத்துச்சு. தெருவே சாட்சி. நீங்களே பாருங்க." மனைவியின் பையிலிருந்து சிவப்புச் சிட்டத்தை எடுத்தார். அது எப்போதும் குழந்தைச் சாமான்களோடுதான் இருக்கும். உதறினார்.

பெரியவள் திரும்பினாள், சிரித்தாள்.

"பாத்தீங்களா?"

மருத்துவர் கொஞ்ச நேரம் அவர் கைகளையே பார்த்தார். "அதை என்கிட்ட குடுங்க" என்றார்.

சிட்டத்தை வாங்கிக்கொண்டு, பரிசோதனைக் கட்டிலில் கிடந்த பெரியவளை அவரைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். பிறகு அதை உதறாமல், ஒரு விரலில் தொங்கவிட்டு, பெரியவளின் முகத்துக்கு நேராக வைத்து மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். குழந்தை அசையவில்லை. இடப்பக்கம் நகர்த்தினார். குழந்தையின் கண்கள் இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் தாயின் மடியில் இருந்த சின்னவள் தலையைத் தூக்கி, அந்தச் சிவப்பு போன பக்கமெல்லாம் கண்ணை ஓட்டினாள்.

பிறகு மருத்துவர் சிட்டத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரு கையால் கசக்கினார். பட்டு சரசரத்தது. பெரியவள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

வெளியே வரிசைக்காகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவ காட்டுங்க" என்றார் இவர்.

மருத்துவர் காட்டினார்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது முறை கேட்டபோது மருத்துவர் சிட்டத்தை மேசைமேல் வைத்துவிட்டார். இவர் அதை எடுக்கவில்லை. "உதறிட்டுத்தான் காட்டினேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "ஒவ்வொரு தடவையும் உதறிட்டுத்தான்."

அவர் மனைவி அழவில்லை. சின்னவளை என் கையில் கொடுத்துவிட்டு, பெரியவளை அவரிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இவர் கைகள் குழந்தை போன பிறகும் அதே அகலத்தில், நூல் பிடிப்பதுபோல், விரிந்தே இருந்தன.

சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே வலது கண்ணில் திரை முழுவதும் சுருண்டுவிட்டது, தொடுவதில் பயனில்லை என்றார்கள். இடது கண்ணில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம் என்றார்கள். கண்ணிழந்த அடியார் ஒருவருக்கு இடக்கண் திரும்பக் கிடைத்த ஊர் எங்களுடையது. அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள் அந்த அம்மா ஏகாம்பரநாதர் கோயிலுக்குத் தனியாகப் போய்வந்தார். "இந்த ஊருல எடது கண்ணுதாண்ணா கெடைக்கும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். கணவரிடம் அவர் பல நாள் பேசவில்லை. சோறு மட்டும் போட்டார்.

வெகுநாள் காலையில் எதிர்வீட்டு வாசல் காலியாக இருந்தது. அந்த மாதம் அவர் போட்ட நிறங்கள் சரியில்லை என்று கடைகளில் சொன்னார்கள். ஒரு கடைக்காரர் மயில்கழுத்து நிறம் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து, தயங்கித் தயங்கி நீட்டினார். இவர் வாங்கி, பார்க்காமலேயே, "சரியில்லதான்" என்று உள்ளே வைத்துவிட்டார்.

நான் மாற்றலாகிப் போவதற்குச் சில நாட்கள் முன்பு, இரண்டு தெரு தள்ளி ஒரு தறிக்காரர் வீட்டில் எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருந்தது. இவர் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றார். தறிக்காரர் வெளியே வந்தார்.

"கெளம்பு. கண்ணு பாக்கணும்."

"மாசம் முடியட்டும்ணா. பாப்பா நல்லாத்தான் பாக்குது."

"எம்பொண்ணும் பாத்துச்சு."

தறிக்காரர் உள்ளே போய்க் குழந்தையை எடுத்துவந்தார்.

ஆறு வருடம் கழித்து, ஒரு திருமணத்துக்காகக் காஞ்சிபுரம் போனவன் விடியற்காலையில் அந்தத் தெருவுக்குப் போனேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், முன்நெற்றி ஏறியிருந்தது. உள்ளே சின்னவள் கனமான கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிப் பையில் எதையோ தேடியபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் அவருடைய லுங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவர் சிட்டத்தை விரித்து உதறினார்.

"இன்னா கலருபா?"

அவர் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, வழக்கமான நேரம் எடுத்துப் பார்த்தார்.

"மாம்பழ மஞ்ச."

"நேத்து போட்டியே, அதுவா?"

"அது வேற. இது கொஞ்சம் பழுத்தது."

பெரியவளுக்கு இடது கண்ணில் வெளிச்சம் தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டால் சரியாகச் சொல்வாள். நிறம் தெரியாது.